123456789-ஐ அக்கு அக்கா பிரிச்சுப் பாக்கறது எப்படி: முழு வழிகாட்டி

ஒரு பெரிய எண்ணை எடுத்து அதோட குணங்களை எல்லாம் கையால கண்டுபிடிக்கறது எப்படின்னுதான் இது. பகா காரணிகள் என்ன, மொத்தம் எத்தனை காரணி, கூட்டுத்தொகை எவ்ளோ, வர்க்கமா இல்லையா, ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத முடியுமான்னு ஒவ்வொண்ணா பாக்கப் போறோம். எண் 123456789. எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச எண், ஆனா இதோட காரணிகளைக் கேட்டா முக்காவாசி பேர் 9-ஓட நின்னுடறாங்க.

நான் இதை வீட்டுப் பசங்களுக்கும் அவங்க ஃபிரெண்ட்ஸுக்கும் பல தடவை உக்காந்து செஞ்சு காட்டியிருக்கேன். கணக்கு தெரியாம யாரும் மாட்டிக்கல, வரிசை தப்பினதாலதான் மாட்டிக்கிட்டாங்க. மூணாவதா செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சுட்டு ரெண்டு மணி நேரம் வகுத்துட்டே இருப்பாங்க. அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க, ஒவ்வொரு ஸ்டெப்லயும் ஏன் இந்த இடத்துல இது வருதுன்னும் சொல்லியிருக்கேன்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

கோடு போட்ட நோட்டு, பேனா, ஒரு சாதாரண கால்குலேட்டர். 100-க்குள்ள இருக்கற 25 பகா எண்களையும் நோட்டுல மேல வரிசையா எழுதிக்கங்க: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. மனசுல வச்சுக்கலாம்னு விட்டா 91-ஐயும் 87-ஐயும் பகா எண்ணுன்னு நெனச்சு உள்ள சேர்த்துடுவீங்க (91 = 7 × 13, 87 = 3 × 29), இது நடக்காத நாளே இல்ல.

நோட்டோட வலது ஓரத்துல ஒரு பத்தி தனியா விட்டு அதுக்கு மேல "மீதி"ன்னு எழுதிக்கங்க. வகுபடலன்னா அந்த மீதியை யாரும் எழுதறதில்ல, "வகுபடல, அடுத்தது"ன்னு போயிடறாங்க. ஆனா அந்த மீதிகள்தான் கடைசியில விடை சரியான்னு சொல்லப் போகுது, அதனால எழுதியே ஆகணும்.

கால்குலேட்டர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கடையில இருக்கற மாதிரி 8 இலக்க கால்குலேட்டர்ல 123456789-ஐ டைப்பே பண்ண முடியாது, கடைசி 9 உள்ள போகாது. பசங்க அதை கவனிக்காம 12345678-ஐ வச்சு கணக்கு போட்டு, அது இரட்டை எண்ணா வருதேன்னு குழம்பினதை நானே பாத்திருக்கேன். நாலாவது ஸ்டெப்ல 9-ஐ எடுத்துட்டா மிஞ்சறது சரியா 8 இலக்கம், அதுக்கப்புறம் அதே கால்குலேட்டர் போதும்.

2. 2, 5, 3, 9: வகுக்காமலே தெரியறதை முதல்ல எடுங்க

கடைசி இலக்கம் 9, அதனால 2-ம் இல்ல 5-ம் இல்ல. இலக்கங்களைக் கூட்டினா 45, அது 9-ஆல வகுபடும், அதனால எண்ணும் 9-ஆல வகுபடும். 1-லேர்ந்து 9 வரைக்கும் ஒவ்வொரு இலக்கமும் ஒரு தடவை வர்ற எந்த எண்ணுக்கும் கூட்டல் 45-தான், அதனால அந்த இலக்கங்களை எப்படிக் கலைச்சுப் போட்டாலும் பகா எண் கிடைக்கவே கிடைக்காது.

இங்க பெரிய தப்பு 27-ல வரும். "45, 27-ஆல வகுபடல, அதனால எண்ணும் வகுபடாது"ன்னு எழுதிடறாங்க. விடை சரிதான், காரணம் தப்பு, ஏன்னா இலக்கக் கூட்டல் விதி 9-ஓட முடிஞ்சு போச்சு, 27-க்கு அது செல்லாது. 1899-ஐப் பாருங்க, கூட்டினா 27 வருது, ஆனா 27-ஆல வகுத்தா 9 மீதி.

27-க்கு சரியான வழி, வலதுலேர்ந்து மூணு மூணா பிரிச்சுக் கூட்டறது. 999 = 27 × 37, அதனாலதான் இது வேலை செய்யுது. 123 + 456 + 789 = 1368, திரும்பவும் பிரிச்சா 1 + 368 = 369. 369-ஐ 27-ஆல வகுத்தா மீதி 18, 37-ஆல வகுத்தா மீதி 36. ஒரே கூட்டல்ல 27-ம் முடிஞ்சது 37-ம் முடிஞ்சது. ரெண்டுமே இல்ல.

3. 7, 11, 13: மூணையும் ஒரே அடியில

7 × 11 × 13 = 1001. அதனால வலதுலேர்ந்து மூணு மூணா பிரிச்சு, கூட்டி கழிச்சு கூட்டி கழிச்சுப் போனா, வர்ற விடையை மூணு எண்ணாலயும் வகுத்துப் பாத்தா போதும்.

789 − 456 + 123 = 456. இதை 7-ஆல வகுத்தா மீதி 1, 11-ஆல வகுத்தா மீதி 5, 13-ஆல வகுத்தா மீதி 1. மூணையும் ஓரத்துல எழுதிக்கங்க, மறந்துடாதீங்க.

இங்க நம்ம ஊர்ல மட்டும் வர்ற ஒரு தப்பு இருக்கு. நாம 12 கோடியே 34 லட்சத்து 56 ஆயிரத்து 789-னு படிச்சுப் பழகினவங்க, கமாவும் 12,34,56,789-னுதான் போடுவோம், அந்தக் கமா இருக்கற இடத்துலயே பிரிச்சு 789 − 56 + 34 − 12-னு கணக்கு போட்டுடறாங்க. இந்த முறைக்கு 123 | 456 | 789-னு மூணு மூணாத்தான் வெட்டணும். அதனால எண்ணை நோட்டுல எழுதறப்பவே கமா இல்லாம எழுதுங்க, வெட்டறதுக்கு பென்சில் கோடு போடுங்க.

4. 9-ஐ எடுத்துட்டு, 97 வரைக்கும் வகுத்து முடிங்க

123456789 ÷ 9 = 13717421. இனிமே நம்ம எண் இதுதான். இலக்கக் கூட்டல் 26, அதனால 3 இனிமே இல்ல.

இப்போ 17, 19, 23-னு ஆரம்பிச்சு 97 வரைக்கும் கால்குலேட்டர்ல வகுத்துப் பாருங்க, பதினஞ்சு நிமிஷ வேலை, எதுவும் வகுபடாது. வகுபடலன்னா வேஸ்டுன்னு நெனச்சு பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க, நான் முதல்ல சொன்ன வரிசைப் பிரச்சினை சரியா இங்கதான் வருது. 97 வரைக்கும் எந்தப் பகா எண்ணும் இதை வகுக்கலன்னா, இதோட காரணிகளையும் அதுல எதுவும் வகுக்க முடியாது. அடுத்த பகா எண் 101, 101 × 101 = 10201. ஆகவே இனிமே 10201-க்குக் கீழ இந்த எண்ணுக்கு எந்தக் காரணி கிடைச்சாலும் அது தானாவே பகா எண், தனியா சோதிக்க வேண்டாம். இந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கான கூலி ஆறாவது ஸ்டெப்ல கிடைக்கும்.

மீதி கண்டுபிடிக்கறதுல கவனம். 13717421 ÷ 17 போட்டா 806907-க்கு அப்புறம் புள்ளி வச்சு ரெண்டு இலக்கம்தான் அந்தக் கால்குலேட்டர்ல இடம் இருக்கும், அந்த 0.11-ஐ 17-ஆல பெருக்கி 1.87-னு எடுத்துட்டு 1-ஆ 2-ஆன்னு முழிப்பாங்க. புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதைத் தொடாதீங்க. 806907 × 17 = 13717419, அதைக் கழிச்சா மீதி 2, தெளிவா முடிஞ்சது.

5. இனிமே வகுக்காதீங்க, வர்க்கத்துல தேடுங்க

13717421-ஓட வர்க்கமூலம் 3703-க்கும் 3704-க்கும் நடுவுல. 101, 103, 107-னு வகுத்துட்டே போனா 3607-ல தான் முதல் காரணி மாட்டும். அது 504-வது பகா எண். அவ்ளோ தூரம் கையால யாரும் போக வேண்டியதில்ல.

இதுக்கு ஃபெர்மாங்கற கணித மேதையோட பேர்ல ஃபெர்மா முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஒற்றை எண் ரெண்டு எண்ணோட பெருக்கல்னா, அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண் நிக்கும், ரெண்டும் அதுலேர்ந்து ஒரே தூரத்துல இருக்கும். அப்போ நடு எண்ணோட வர்க்கத்துலேர்ந்து தூரத்தோட வர்க்கத்தைக் கழிச்சா நம்ம எண் வந்துடும். சின்னதா 91-ஐ வச்சுப் பாருங்க: வர்க்கமூலம் 9.5 சொச்சம், அதுக்கு மேல உள்ள முழு எண் 10, 100 − 91 = 9, அது 3-ஓட வர்க்கம். அதனால 10 − 3 = 7, 10 + 3 = 13. 7 × 13 = 91. அவ்ளோதான் முறை.

இப்போ நம்ம எண்ணுக்கு. வர்க்கமூலத்துக்கு மேல உள்ள முதல் முழு எண் 3704.

3704² = 13719616. இதுலேர்ந்து 13717421-ஐக் கழிச்சா 2195. இது வர்க்கமா? 5-ல முடியற எந்த வர்க்கமும் 25-லதான் முடியும், இது 95-ல முடியுது, அதனால ரூட் போடாமலே தள்ளிடலாம்.

அடுத்தது 3705. முழுசா பெருக்க வேண்டாம், முந்தின வர்க்கத்தோட 3704-ஐயும் 3705-ஐயும் கூட்டினா போதும்: 13719616 + 7409 = 13727025. கழிச்சா 9604. இது 98 × 98!

3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. ரெண்டாவது முயற்சியிலேயே எண் உடைஞ்சு போச்சு. முதல் தடவை இதைக் கையால செஞ்சப்போ நான் எழுந்து நின்னுட்டேன், இப்பவும் யாருக்காவது காட்டறப்போ அந்த 9604 வர்ற இடத்துல எனக்கு அதே சந்தோஷம் வருது.

தப்பு எங்க நடக்குதுன்னா, வர்க்கமூலத்துக்குக் கீழ இருக்கற 3703-லேர்ந்து ஆரம்பிச்சுடறாங்க, கழிச்சா மைனஸ்ல போயிடும். எப்பவும் மேல உள்ள முழு எண்தான். இன்னொண்ணு, கடைசி இலக்கம் 2, 3, 7, 8 வந்தா அது வர்க்கமே இல்ல, அதுக்குப் போய் ரூட் போட்டு நேரத்தை விடாதீங்க.

9-ஐ எடுக்காம நேரா 123456789-லயே இதைச் செஞ்சா என்ன ஆகும்னு கேப்பாங்க. அதுவும் வரும், 11112-ல ஆரம்பிச்சு நாலாவது முயற்சியில 11115² − 294² கிடைக்கும். ஆனா அப்போ கையில வர்றது 10821, 11409, ரெண்டையும் திரும்ப 3-ஆல உடைக்கணும், அதோட 8 இலக்க கால்குலேட்டர்ல இடமும் இருக்காது.

6. கிடைச்சது பகா எண்தானா?

3607-ம் 3803-ம் 10201-க்குக் கீழ. 97 வரைக்கும் நாலாவது ஸ்டெப்லயே பாத்தாச்சு. அதனால ரெண்டும் பகா எண், வேலை முடிஞ்சது.

அந்த ஸ்டெப்பை விட்டுட்டு வந்தவங்க இப்போ தனித்தனியா சோதிக்கணும்: 3607-க்கு 59 வரைக்கும், 3803-க்கு 61 வரைக்கும். 61² = 3721, அது 3607-ஐத் தாண்டிடுது ஆனா 3803-ஐத் தாண்டல, அதனால ரெண்டுக்கும் எல்லை ஒண்ணு இல்ல. 59-லயே ரெண்டையும் நிறுத்தினா 3803-க்கு நிரூபணம் பாதிதான்.

ஆக, 123456789 = 3² × 3607 × 3803.

7. மேல போறதுக்கு முன்னாடி மீதியை வச்சு சரிபாருங்க

இங்க ஒரு இலக்கம் தப்பிச்சுன்னா கீழ வர்ற எல்லாமே தப்பாயிடும், அதனால சரிபார்ப்பு இந்த இடத்துலதான், கடைசியில இல்ல.

ஓரத்துல 7-க்கு மீதி 1-னு எழுதி வச்சோம்ல. இப்போ காரணிகளை 7-ஆல வகுங்க: 3607-க்கு மீதி 2, 3803-க்கு மீதி 2, 9-க்கு மீதி 2. பெருக்கினா 8, அதை 7-ஆல வகுத்தா மீதி 1. சரியா வந்துடுச்சு.

11-க்கு: 10, 8, 9. பெருக்கினா 720, மீதி 5. ஓரத்துலயும் 5. 13-க்கு: 6, 7, 9, பெருக்கினா 378, மீதி 1. மூணும் ஒத்துப் போச்சுன்னா நிம்மதியா மேல போகலாம்.

8. எத்தனை காரணி, கூட்டினா எவ்ளோ

மொத்தம் 12 காரணி. அடுக்குகளோட 1 கூட்டிப் பெருக்கணும்: 3 × 2 × 2. ஃபார்முலாவை மட்டும் போட்டுட்டுப் போகாம ஒரு கட்டம் போடுங்கன்னு நான் எப்பவும் சொல்வேன். இடது பக்கம் 1, 3, 9. மேல 1, 3607, 3803, 13717421. உள்ள பெருக்கி நிரப்பினா இது வரும்:

1, 3607, 3803, 13717421
3, 10821, 11409, 41152263
9, 32463, 34227, 123456789

கட்டம் போட்டா ஒரு காரணியும் விட்டுப் போகாது. கூட்டுத்தொகைக்கும் தனி ஃபார்முலா வேண்டாம், ஓரக் கூட்டலையும் மேல் கூட்டலையும் பெருக்கினா போதும்: 13 × 13724832 = 178422816. நடுவுல இருக்கற 3-ஐ மறந்துட்டு 1 + 9 = 10-னு போடறதுதான் இங்க வழக்கமான தப்பு.

இதுலேர்ந்து அந்த எண்ணையே கழிச்சா 54966027, எண்ணோட பாதிகூட வரல. தன்னோட சின்னக் காரணிகளைக் கூட்டினா தன்னையே தர்ற 6, 28 மாதிரி எண்களுக்குப் பக்கத்துலயே இது வராது, குறை எண் வகைதான்.

9. பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை

1-லேர்ந்து 123456789 வரைக்கும், இந்த எண்ணோட 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? ஆய்லர் ஃபைன்னு சொல்றது இதைத்தான். 3607-க்கு 3606, 3803-க்கு 3802, 9-க்கு 6. 9-க்கு 8-னு போடாதீங்க, 9 பகா எண் இல்ல, அதுல 3, 6, 9 மூணும் கழியும், மிஞ்சறது 1, 2, 4, 5, 7, 8. பெருக்கினா 82260072.

10. வர்க்கக் கேள்விகள்: அவசரப்பட்டா மாட்டிக்குவீங்க

இது முழு வர்க்கமா? கடைசி இலக்கம் 9, வர்க்கத்துக்கு ஓகே. 4-ஆல வகுத்தா மீதி 1, அதுவும் ஓகே. 9-ஆல வகுபடுது, அதுவும் ஓகே. எல்லா ஷார்ட்கட்டும் பச்சைக்கொடி காட்டுது, ஆனா வர்க்கம் இல்ல. 11111² = 123454321, 11112² = 123476544, நம்ம எண் நடுவுல மாட்டிட்டிருக்கு. ஷார்ட்கட் எல்லாம் "இல்ல"ன்னு சொல்றதுக்கு மட்டும்தான் உதவும், "ஆமா"ன்னு சொல்ல அதால முடியாது. காரணிகள்லேர்ந்து பாத்தா இன்னும் சுலபம், 3607 ஒரே ஒரு தடவைதான் இருக்கு.

ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத முடியுமா? இங்கயும் 4-ஆல வகுத்தா மீதி 1-னு பாத்துட்டு "முடியும்"னு எழுதிடறாங்க, அந்த விதி பகா எண்ணுக்கு மட்டும்தான். பகு எண்ணா இருந்தா ஒவ்வொரு பகா காரணியையும் தனியா பாக்கணும்: 4-ஆல வகுத்தா 3 மீதி வர்றது எதுவா இருந்தாலும் இரட்டைப்படை தடவை இருக்கணும். 3 ரெண்டு தடவை இருக்கு, சரி. ஆனா 3607-க்கும் மீதி 3, 3803-க்கும் மீதி 3, ரெண்டும் ஒவ்வொரு தடவைதான். அதனால முடியவே முடியாது. ரெண்டு 3 மீதி சேர்ந்து பெருக்கினா 9, அதோட மீதி 1 ஆகி உண்மையை மறைச்சுடுது. நம்பலன்னா 21-ஐ எடுத்துப் பாருங்க, மீதி 1 தான், ஆனா ரெண்டு வர்க்கமா எழுத வராது. காரணிப்படுத்தாம இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னுதான் இதைப் பத்தாவதுல வச்சிருக்கேன்.

மூணு வர்க்கமா முடியுமான்னா முடியும். 8-ஆல வகுத்தா மீதி 7 வர்ற எண்ணும், அதை 4-ஆல திரும்பத் திரும்பப் பெருக்கி வர்ற எண்ணும்தான் முடியாது, இதுக்கு மீதி 5.

ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா எழுதறது ஆறு விதம், 12 காரணியும் ஆறு ஜோடி, ஜோடிக்கு ஒண்ணு. 3607-ஐயும் 34227-ஐயும் எடுத்தா 18917² − 15310².

11. பைனரி

பைனரின்னா 0, 1 ரெண்டை மட்டும் வச்சு எண்ணை எழுதறது. 2-ஆல வகுத்து வகுத்து மீதியைக் கீழேர்ந்து மேல எழுதினா 0111 0101 1011 1100 1101 0001 0101, முன்னாடி இருக்கற 0-வை விட்டா 27 இலக்கம், அதுல 16 இடத்துல 1. மேலேர்ந்து கீழ எழுதிடாதீங்க. 27 இலக்கம் சரியான்னு பாக்க, 2-ஓட 26-வது அடுக்கு 67108864, 27-வது 134217728, நம்ம எண் நடுவுல இருக்கு.

இதையெல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்ல போடறவங்களுக்கு ஒண்ணு. இந்த எண்ணோட வர்க்கம் 15241578750190521, மொத்தம் 17 இலக்கம். ஷீட்ல போட்டா 15 இலக்கத்துக்கு மேல வச்சுக்காது, கடைசி ரெண்டு இடத்துல 00 காட்டும். 89-ஓட வர்க்கம் 7921, அதனால எண் 21-லதான் முடியணும், 00 வந்தா ஷீட்டை நம்பாதீங்க.

12. அடுத்து நீங்களே செய்ய ரெண்டு எண்

முதல்ல 987654321. இது 8 × 123456789 + 9, அந்த மீதி 9 நம்ம எண்ணையே வகுக்கறதால ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 9-னு ஒரே வரியில தெரிஞ்சுடும். 9-ஐ எடுத்தா 109739369. இதுல நாலாவது ஸ்டெப்பைத் தாண்டி நேரா வர்க்கத்துல தேடப் போனீங்கன்னா 10476-ல ஆரம்பிச்சு 190005 வரைக்கும் போகணும், 179530 முயற்சி. வரிசையா போனா 17-லயே உடைஞ்சுடும். 17-ஆல ரெண்டு தடவை வகுக்கணும், ஒரு தடவையோட நிறுத்திடாதீங்க, அப்புறம் மிஞ்சற 379721 பகா எண்.

அது முடிஞ்சதும் 2027651281. ஃபெர்மாவே இந்த முறையைக் காட்டறதுக்கு எடுத்துக்கிட்ட எண் இது. 97 வரைக்கும் எதுவும் வகுக்காது, 45030-ல ஆரம்பிங்க, பன்னெண்டாவது முயற்சியில வர்க்கம் வரும். பத்தாவதுல பொறுமை போச்சுன்னு எழுந்துடாதீங்க.